416 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம்

மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 416 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரே போனபின் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் அரை மணி நேரம். பயணச்சீட்டிலோ ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கிறது. மீதி முக்கால் மணி நேரம் எங்கே போகிறது?

சீட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிறுத்துமிடத்தைவிட்டு விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பக் காத்திருப்பதும் அதில் சேர்த்தி. தாமதமானது என்ற பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியும் போட்டுக்கொள்கின்றன.

ஆனால் பெரிய காரணம் வானத்தில் இருக்கிறது. அந்த 830 கிலோமீட்டர் வேகம் 30,000 அடிக்கு மேல், காற்று மெலிந்த இடத்தில்தான் கட்டுப்படியாகும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர்தான் வரம்பு. இறங்குவதற்கு விமானிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். அப்படியானால் 30,000 அடியிலிருந்து இறங்க 90 கடல் மைல், சுமார் 167 கிலோமீட்டர் வேண்டும். ஏறுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு தூரம். 416இல் இவை இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 80 கிலோமீட்டர் சொச்சம். முழு வேகத்தில் விமானம் பறப்பது ஆறே நிமிடம்!

மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் சிறிய ஏடிஆர் விமானம் இதே தடத்தில் ஜெட்டைவிடக் கால் மணி நேரம் போலத்தான் பின்தங்குகிறது என்பதற்கும் இதுவே விளக்கம். சென்னை–டெல்லி நேர்கோட்டில் சுமார் 1,760 கிலோமீட்டர். மதுரைத் தூரத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். நேரமோ இரண்டேகால் மடங்குதான் ஆகிறது. ஏறி இறங்கும் செலவு அங்கேயும் ஒரே ஒரு முறைதானே.

காற்றின் பங்கும் உண்டு. விமானம் எதிர்காற்றில்தான் இறங்க விரும்பும். சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பிற்பகலில் கடற்காற்று வீசும்போது மதுரை விமானம் மேற்கிலிருந்து நேராக வந்து இறங்கிவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கியிருந்தால் கடல்பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். அதில் சில நிமிடங்கள் கரையும்.

இதைவிட மிகக் குறுகிய விமானத் தடமும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு இடையே 2.7 கிலோமீட்டருக்கு விமானம் ஓடுகிறது. கால அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று துணை செய்த ஒரு நாளில் 53 வினாடியில் போய்ச் சேர்ந்ததும் உண்டு. அங்கே நடுவில் கடல். படகைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சேவைக்கு நியாயம் இருக்கிறது.

மதுரைக்கு அப்படியில்லை. எழும்பூரில் ஏறினால் வந்தே பாரத் ரயில் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடுகிறது. விமான நிலையத்துக்குப் போகும் நேரத்தையும், சோதனை வரிசையையும், பெட்டிக்குக் காத்திருப்பதையும் கூட்டினால் விமானப் பயணமும் நான்கு மணி நேரத்தைத் தொடும். இந்தத் தூரத்தில் விமானத்தின் வேகத்தைக் கூட்டிப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்த முடியாது. ரயிலில் ஒரு மணி நேரத்தைக் குறைப்பதற்குச் செலவிடும் பணமே எனக்கு நல்ல முதலீடாகப் படுகிறது.