மடிக்கணினித் திரை: பளபளப்பா, மங்கலா?

விழிஞ்ஞத்தில் கடலைப் பார்த்த வீடு என்றால் ஊரிலிருந்து வரும் உறவினர்கள் பெருமூச்சு விடுவார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் அந்தக் கடல் படுத்தும் பாடு குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். சூரியன் மேற்கே சாயச் சாய, தண்ணீரே கண்ணாடியாகி வீட்டுக்குள் வெளிச்சத்தை வாரி வீசும்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் குடியிருக்கும் நாங்குநேரிப் பக்கத்து அன்பர் ஒருவர் கவலையோடு வந்தார். "அண்ணாச்சி, சீட்டுப் பணம் அறுபதாயிரத்தைப் போட்டு மகளுக்கு மடிக்கணினி வாங்கினேன். ரெண்டு மாசமா சாயங்காலம் ஆனா தலை வலிக்குங்கா. கண் டாக்டர் கண்ணுல ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாரு. படிக்கச் சோம்பல்பட்டுச் சொல்லுதான்னு நேத்து சத்தம் போட்டுட்டேன்" என்றார்.

மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கணினியை அணைக்கச் சொன்னேன். கறுத்த திரையில் ஜன்னல், தென்னை, கடல், அவள் முகம் எல்லாம் போட்டோ பிடித்தாற்போல் தெரிந்தன. "இத்தனைக்கும் நடுவில் எழுத்தைத் தேடிப் படித்திருக்கிறாயே அம்மா" என்றேன். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை.

அன்று அவர்களுக்குச் சொன்னதை நம் அன்பர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்து ஸ்டூடியோவில் கல்யாணப் படம் கழுவக் கொடுத்தால், "கிளாஸியா, மேட்டா?" என்று கேட்பார்கள். மடிக்கணினித் திரையிலும் அதே இரு வகைதான். பளபளப்புத் திரையின் மேற்பரப்பு வழவழப்பானது. மங்கல் திரையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சொரசொரப்பு உண்டு.

சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பில் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பி வரும். நாலு சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். திரையின் பிரகாசத்தை 'நிட்' என்ற அலகால் அளக்கிறார்கள். சாதாரண மடிக்கணினிக்கு 250 முதல் 300 நிட் இருக்கும். நல்ல வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுவர் ஏறக்குறைய 25,000 நிட் பிரகாசம் காட்டும். அதில் 4 சதவீதம் 1,000 நிட்! நம் முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவர் இருந்தால், திரையிலுள்ள எழுத்தைவிடச் சுவரின் பிம்பமே மூன்று மடங்கு ஓங்கி நிற்கும்.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்த எங்களுக்கு இந்தத் தொல்லை பழக்கப்பட்டது. மாலையில் கிழக்கு நோக்கி வண்டி ஓட்டும் டிரைவருக்கு எதிரே நிற்கும் வண்ண விளக்கு சிக்னலின் மீது மேற்குச் சூரியன் நேராக அடிக்கும். வெயில் லென்ஸுக்குள் புகுந்து திரும்பினால், எரியாத விளக்கும் எரிவதுபோல் தோன்றும். பொய் விளக்கு! உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவேதான் ஒவ்வொரு விளக்கின் மேலும் நீண்ட தொப்பி போன்ற மறைப்பு வைத்திருக்கிறார்கள். வேண்டாத ஒளியை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்பது நாங்கள் கற்ற பாடம்.

மங்கல் திரை வேண்டாத ஒளியை விழுங்கிவிடுவதில்லை. அதைச் சிதறடித்து, ஜன்னலின் உருவத்தை வெண்புகையாக்கிவிடுகிறது. பிம்பத்தோடு கண் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புகை படர்வதால் வெளிச்சமான அறையில் கறுப்பு நிறம் சற்றுச் சாம்பலாகத் தெரியும். சில திரைகளில் வெள்ளைப் பின்னணி பொடி தூவியதுபோல் மினுக்கும். இரவில் விளக்கைக் குறைத்துச் சினிமா பார்ப்பவர்களுக்கும், போட்டோ வேலை செய்பவர்களுக்கும் பளபளப்பே மேல்.

மூன்றாவது வழியும் உண்டு. கண்ணாடிமேல் மிக மெல்லிய பூச்சு பூசி, திரும்பும் ஒளியையே குறைப்பது. ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தில் 1935-இல் ஸ்மக்குலா என்பவர் கண்டது. நம் மூக்குக் கண்ணாடிக்கு இன்று போடும் பூச்சு அந்த வழி வந்ததே. விலை கூடிய சில மடிக்கணினிகளிலும் இருக்கிறது.

கடையில் எப்படிச் சோதிப்பது? திரையை அணைத்துவிட்டு, மேலே எரியும் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். குழல் கூர்மையாகத் தெரிந்தால் பளபளப்பு. கலைந்து படர்ந்தால் மங்கல். விவரத் தாளில் 'ஆன்டி-கிளேர்' என்று போட்டிருந்தால் மங்கல் வகை. தொடுதிரை உள்ளவை பெரும்பாலும் பளபளப்பே. வெளிச்சமான அறையில் வேலை என்றால் 400 நிட் உள்ளதாகக் கேளுங்கள். கணக்கு எழுதவும் படிக்கவும் பகலில் பயன்படுத்துவோர் மங்கலையே வாங்கலாம் என்பது என் கருத்து.

ஏற்கெனவே பளபளப்பு வாங்கியவர்கள் வருந்த வேண்டாம். மேலே ஒட்டும் மங்கல் தாள் கிடைக்கிறது. எழுத்தின் கூர்மை சற்றுக் குறையும். அதற்கு முன் மேஜையைத் திருப்பிப் பாருங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், முகத்துக்கு எதிரேயும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் திரையில் படியும் உப்பைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்கக் கூடாது, கீறல் விழும். கணினியை அணைத்துவிட்டு, சுத்தமான நீரில் இலேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நாங்குநேரி அன்பர் வீட்டில் மேஜையைத் திருப்பினோம். பழைய போர்வை ஒன்று ஜன்னல் திரையாயிற்று. செலவு ஒரு பைசா இல்லை. ஒரு வாரத்தில் தலைவலிப் பேச்சு நின்றது. தம்பிக்கு அடுத்த ஆண்டு வாங்கும்போது மங்கல் திரைதான் என்று அக்காவே சொல்லிவிட்டாள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தலை வலிக்கிறது என்றால், சத்தம் போடுவதற்கு முன் மாலையில் ஒரு முறை அதன் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.