உங்களுக்குத் தெரியுமா? மீனைப் பார்த்துப் பிறந்த படகுகள்

திருப்பத்தூர் மாவட்டத்தில் கடல் கிடையாது. ஆனால் ஆம்பூரும் வாணியம்பாடியும் தினமும் கையாளும் தோலுக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் நானூறு ஆண்டு உறவு உண்டு!

● தோல் போர்த்திய நீர்மூழ்கி: 1620-களில் டச்சுக்காரரான கார்னெலிஸ் டிரெபெல், லண்டன் தேம்ஸ் நதியில் ஒரு நீர்மூழ்கிப் படகை ஓட்டிக் காட்டினார். மரச்சட்டத்தின் மேல் கொழுப்பேற்றிய தோல் போர்த்திய படகு அது. துடுப்புகள் வெளியே நீண்ட துளைகளிலும் தண்ணீர் புகாமல் காத்தது தோல்தான். நம் பக்கத்து ஒகேனக்கல் பரிசல்களும் ஒரு காலத்தில் மூங்கில் கூடைமேல் மாட்டுத்தோல் போர்த்தியவையே.

● ஆட்டுத்தோல் பை: வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையால்தான் பல மீன்கள் தண்ணீரில் மூழ்காமலும் மேலெழாமலும் நிற்கின்றன. இத்தாலிய அறிஞர் பொரெல்லி இதைப் படகுக்குக் கொண்டுவர நினைத்தார். ஆட்டுத்தோல் பைகளில் தண்ணீர் நிரம்பினால் படகு இறங்கும்; பைகளை முறுக்கிப் பிழிந்தால் ஏறும். 1680-இல் வெளிவந்த அவரது நூலில் இதற்கான படம் இருக்கிறது. இன்றைய நீர்மூழ்கிகளில் பைக்குப் பதில் தொட்டி, தத்துவம் அதேதான்.

● ஆமை: அமெரிக்காவின் டேவிட் புஷ்னெல் செய்த ஒற்றை ஆள் நீர்மூழ்கியின் பெயரே 'ஆமை'. இரண்டு ஆமை ஓடுகளைச் சேர்த்து ஒட்டியது போன்ற வடிவம். 1776-இல் நியூயார்க் துறைமுகத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு வெடி வைக்கப் போனது. வெடியைப் பொருத்த முடியாமல் திரும்பியது.

● சுறாத்தோல்: தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழுவழு, திருப்பித் தடவினால் உப்புத்தாள். காரணம், தோலெங்கும் பதிந்த நுண்பற்கள். அவற்றின் மேலுள்ள வரிப்பள்ளங்கள் நீரின் உராய்வைக் குறைக்கின்றன. 1987-இல் அமெரிக்கா கோப்பையை வென்ற 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' பாய்மரப் படகின் அடியில், இதே போல் நுண்வரி போட்ட படலம் ஒட்டப்பட்டிருந்தது.

● சூரை: 1990-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 'ரோபோ டூனா'வை உருவாக்கியது. சுழல்விசிறி இல்லை, உடலை வளைத்து, வாலை வீசி நீந்தும். மேல்தோல் லைக்ரா துணி.

● ஆனைத்திருக்கை: ஆளில்லாமல் நெடுந்தூரம் போகும் 'மான்டா ரே' என்ற நீர்மூழ்கியை 2024-இல் கலிஃபோர்னியா கடலில் சோதித்தார்கள். மிதப்புத்தன்மையைக் கூட்டியும் குறைத்தும், திருக்கை போலச் சறுக்கியபடி செல்வதால் மின்சாரம் மிச்சம்.

● புலிச்சுறா: இந்தியக் கடற்படையின் முதல் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். கல்வரி, 1967 டிசம்பர் 8-இல் பணியில் சேர்ந்தது. ஆழ்கடல் புலிச்சுறாவின் பெயர் அது. மும்பை மசகான் கப்பல் தளத்தில் கட்டிய புதிய கல்வரி 2017-இல் சேர்ந்தது.

● மத்ஸ்யா 6000: சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் நீர்மூழ்கி மீன் இது! மூன்று பேருடன் 6,000 மீட்டர் ஆழம் போக வேண்டும். அங்கே அழுத்தம், தரையில் உள்ளதைப் போல் சுமார் 600 மடங்கு. அதைத் தாங்குவதற்கு 2.1 மீட்டர் விட்டத்தில் டைட்டானியக் கோளம். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீர்ச்சோதனை நடந்தது.

இப்படி நீர்மூழ்கிகளை உருவாக்கும் வேலைக்கு உலோகம் தெரிந்தவர்களும், மின்னணு தெரிந்தவர்களும், மீனின் உடலைப் படித்தவர்களும் வேண்டும். கடற்கரையில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. திருப்பத்தூர்ப் பள்ளிப் பிள்ளைகளே, உங்களுக்கும் அங்கே இடம் உண்டு!