பெற்றோருக்குக் கிரீன் கார்டு: வேலை சித்தூரில் தொடங்குகிறது

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, 21 வயது நிறைந்த மகனோ மகளோ தம் தாய்க்கும் தந்தைக்கும் நிரந்தரக் குடியிருப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. எச்-1பி விசாவில் வேலை செய்பவருக்கும் இல்லை. அமெரிக்கச் சட்டம் குடிமக்களின் பெற்றோரை நெருங்கிய உறவினர் பிரிவில் வைத்திருக்கிறது. இந்தப் பிரிவுக்கு ஆண்டுக்கு இத்தனை விசா என்ற உச்சவரம்பு இல்லை. அதனால் வேலை வழியாகக் கிரீன் கார்டு கேட்கும் இந்தியர்களைப் போல் பெற்றோர் பல ஆண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த நீண்ட வரிசையில் பிள்ளை நின்று முடித்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் கிரீன் கார்டு வர ஆண்டுகள் ஆகும். அதன்பின் குடியுரிமைக்குப் பொதுவாக மேலும் 5 ஆண்டு. மகன் குடிமகனாகி விண்ணப்பத்தை எடுக்கும்போது சித்தூரிலோ திருப்பதியிலோ இருக்கும் அப்பாவுக்கு எழுபது கடந்திருக்கும். பெற்றோருக்கான விண்ணப்பம் பெரும்பாலும் முதியவருக்கான விண்ணப்பமாகவே அமைவதற்கு இதுதான் காரணம். அதில் வரும் சிக்கல்களும் முதுமையை ஒட்டியவை: பிறந்தபோது எழுதப்படாத பதிவேடு, இனிஷியல் மட்டும் உள்ள பெயர், எக்ஸ்ரேயில் தெரியும் பழைய காசநோய்த் தழும்பு.

முதல் படிவம் ஐ-130. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அப்பாவின் மனுவில் அம்மாவைச் சேர்க்க வழியில்லை. பெற்றோரோடு ஒரே வீட்டில் இருக்கும் திருமணமாகாத தங்கையையும் சேர்க்க முடியாது. இதைப் பல குடும்பங்கள் பாதி வழியில்தான் தெரிந்துகொள்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல் ஒரு மனுவுக்கான கட்டணம் இணையத்தில் 625 டாலர், தாளில் 675 டாலர். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் அனுப்பும் நாளில் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

இந்த மனுவில் முதலில் நிரூபிக்க வேண்டியது உறவு. அம்மாவுக்கு விண்ணப்பிக்கும் மகன், தன் பெயரும் தாயின் பெயரும் உள்ள தன்னுடைய பிறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அப்பாவுக்கு என்றால் அதோடு பெற்றோரின் திருமணச் சான்றும் வேண்டும். 1970களில் பிறந்த பிள்ளைகள் பலரின் பதிவில் குழந்தையின் பெயர் இருக்காது. 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும். பெயரைப் பின்னால் சேர்க்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு வழி தருகிறது. பிறப்பே பதிவாகாமல் பல ஆண்டு கழித்து இப்போது பதிவு செய்து வாங்கிய சான்றிதழ் என்றால், அமெரிக்க அதிகாரி அதை மட்டும் வைத்து ஒப்புக்கொள்வது அரிது. பழைய பள்ளி டி.சி., ரேஷன் கார்டு போன்றவற்றையும் கேட்பார்.

மனு ஏற்கப்பட்ட பின் கோப்பு அமெரிக்க வெளியுறவுத் துறையின் நேஷனல் விசா சென்டருக்குப் போகும். அங்கே பெற்றோரின் சொந்தப் பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். சித்தூர்க்காரர்களுக்கு உண்மையான அலைச்சல் இங்கேதான் ஆரம்பம். இந்தியா முழுமைக்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்தப் பகுதியில் இருந்தது 1899-ஆம் ஆண்டின் மதராஸ் சட்டம். அப்போது பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில், மருத்துவச்சியின் கையில் நடந்தன. யாராவது போய்ச் சொன்னால் பதிவு, இல்லையென்றால் இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறைக்கும் இது தெரியும். 1970 ஏப்ரலுக்கு முன் பிறந்த இந்தியர்களிடம் சான்றிதழ் இல்லையென்றால், 'பதிவு கிடைக்கவில்லை' என்று உரிய அலுவலகம் தரும் சான்றையும் அதற்குத் துணையான வேறு ஆவணங்களையும் ஏற்கிறது.

எந்த அலுவலகம் என்பது அடுத்த கேள்வி. 1950-இல் திருப்பதியில் பிறந்த ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்ளலாம். அவர் பிறந்தது மதராஸ் மாநிலம், சித்தூர் மாவட்டம், சந்திரகிரி தாலுகா. 1953 அக்டோபர் 1-இல் அது ஆந்திர மாநிலம் ஆனது. 1956 நவம்பர் 1-இல் ஆந்திரப் பிரதேசம். 1985-இல் தாலுகாக்கள் போய் மண்டலங்கள் வந்தன. 2022 ஏப்ரல் 4 முதல் அந்த ஊர் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் வீடு மாறவே இல்லை. தாளில் முகவரி மட்டும் இத்தனை முறை மாறிவிட்டது. திருத்தணியில் பிறந்தவர் கதை இன்னும் சிக்கல். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; எல்லை மாற்றத்தில் மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. அதே நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. பாஸ்போர்ட்டில் ஒரு மாவட்டமும் பள்ளிச் சான்றில் இன்னொரு மாவட்டமும் இருப்பது பிழை அல்ல, வரலாறு. இதை விளக்கி ஒரு பக்கக் கடிதமும் மாவட்ட மாற்றத்துக்கான அரசாணையின் நகலும் வைத்துவிட்டால் பின்னால் கேள்வி வராது.

தேடலை எப்போதும் பிறந்த ஊரின் இன்றைய நிர்வாகத்தில் தொடங்குவது நல்லது. நகரம் என்றால் மாநகராட்சி அல்லது நகராட்சி. கிராமம் என்றால் பஞ்சாயத்து, அங்கே இல்லையென்றால் தாசில்தார் அலுவலகம். பதிவைத் தேடித் தரக் கேட்கும் மனுவை மீசேவா என்ற அரசுச் சேவை மையத்திலோ கிராம, வார்டு சச்சிவாலயத்திலோ கொடுக்கலாம். தேட வேண்டிய ஆண்டைச் சரியாகச் சொல்வதுதான் கடினம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டதே பிறந்த தேதி. ஜூன், ஜூலை மாதத்துத் தேதிகள் அதிகம் தென்படுவது அதனால்தான். ஜாதகத்தில் ஒரு தேதி, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் வேறொரு தேதி என்று இருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ள தேதியே எல்லாப் படிவங்களிலும் வர வேண்டும். தேதியைத் திருத்தும் ஆசை இருந்தால் மனு போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

துணை ஆவணங்களில் பள்ளிச் சான்று முதலிடம் பெறும். பள்ளிக்கே போகாத அம்மாக்களுக்கு மிஞ்சுவது உறவினர்களின் உறுதிமொழிப் பத்திரம். பிறப்பை நேரில் அறிந்தவர் எழுதித் தர வேண்டும் என்பது விதி. எழுபத்தைந்து வயது அம்மாவின் பிறப்பை அறிந்தவருக்கு எண்பத்தைந்தாவது இருக்கும். அப்படி ஒரு அத்தையோ பெரியப்பாவோ தெளிவான நினைவோடு இருக்கும்போதே நோட்டரி முன் கையெழுத்து வாங்கி வைத்துவிட வேண்டும். மற்றத் தாள்கள் தாமதமானாலும் கிடைக்கும். இது ஒன்று கைநழுவினால் திரும்பாது. தெலுங்கிலோ தமிழிலோ உள்ள தாள்களை அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு அனுப்பும்போது ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் தமக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது என்று எழுதிக் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும்.

பெயர்ப் பிரச்சினை இந்த மாவட்டங்களில் இரட்டிப்பு. தெலுங்குக் குடும்பங்களில் முன்னால் வீட்டுப் பெயர் வரும். தமிழ்க் குடும்பங்களில் அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக நிற்கும். நகரி, புத்தூர், குப்பம் பக்கத்துத் தமிழர்கள் சிலருக்குத் தெலுங்குப் பள்ளியில் வீட்டுப் பெயர் கேட்டு ஊர்ப் பெயரையே அந்த இடத்தில் எழுதியிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அதுவே கிரீன் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் தொடர்ந்து முதியவரைத் தொல்லைப்படுத்தும். இனிஷியலை விரித்து, பெயரையும் குடும்பப் பெயரையும் பிரித்துப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு பிறகு மனு செய்வதே புத்திசாலித்தனம். திருப்பதியில் பாஸ்போர்ட் சேவா மையம் இருப்பதால் இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

திருமணச் சான்றிலும் இதே நிலை. ஐம்பது ஆண்டுக்கு முன் கோயிலிலோ வீட்டு வாசல் பந்தலிலோ நடந்த கல்யாணத்தை யாரும் பதியவில்லை. இந்து திருமணச் சட்டத்தின்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதியலாம். அழைப்பிதழ் இருந்தால் நல்லது; மஞ்சள் தடவிய அந்தப் பழைய தாளைப் பரணில் தேடி எடுப்பது வீண் வேலை அல்ல.

நேஷனல் விசா சென்டரில் விசா கட்டணம் 325 டாலர், ஆதரவு உறுதிமொழியைப் பார்வையிட 120 டாலர். டி.எஸ்-260 என்ற படிவம் இணையத்தில் நிரப்பப்படும். ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியை மகன் அல்லது மகள் கொடுக்க வேண்டும். மகனின் வீட்டில் நான்கு பேர், வரப்போகும் பெற்றோர் இருவர் என்றால் ஆறு பேர் கணக்கு. ஆறு பேருக்கான வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 விழுக்காடு, 2025 கணக்குப்படி ஏறத்தாழ 54,000 டாலர், அவர் ஆண்டுக்கு ஈட்ட வேண்டும். குறைந்தால் இன்னொருவர் கூட்டுப் பொறுப்பேற்கலாம். இந்த உறுதிமொழி சடங்குத் தாள் அல்ல, சட்டப்படி பிணைக்கும் ஒப்பந்தம். பெற்றோர் குடியுரிமை பெறும் வரையிலோ, குடியிருப்பைக் கைவிட்டு வெளியேறும் வரையிலோ, இறக்கும் வரையிலோ அது நீடிக்கும்.

நேர்காணலுக்கு முன் காவல்துறை நற்சான்று வேண்டும். பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டினால், உள்ளூர்க் காவல் நிலைய விசாரணைக்குப் பின் கிடைக்கும். மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் ஒப்புக்கொண்ட மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும். வேலூர் சி.எம்.சி.யிலோ திருப்பதி ஸ்விம்ஸிலோ பல ஆண்டாகச் சிகிச்சை பெறுபவர்கூட அந்த மருத்துவரிடமே போக வேண்டும். இப்பகுதிக்குச் சென்னை அருகில். பழைய சிகிச்சைக் கோப்பைக் கையோடு எடுத்துப்போனால் கேள்விகளுக்கு விடை எளிது. மார்பு எக்ஸ்ரேயில் ஐயம் வந்தால் மூன்று நாள் சளிப் பரிசோதனையும், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. பின்னதற்கு 8 வாரம் ஆகும். முப்பது ஆண்டுக்கு முன் காசநோய் வந்து குணமானவருக்கும் இந்தக் காத்திருப்பு வரலாம். பயந்துபோய் பழைய நோயை மறைப்பது பெருந்தவறு. சிகிச்சை முடிந்த சான்றைக் காட்டுவதே உதவும்.

பெற்றோருக்கான நேர்காணல் சென்னையில் நடப்பதில்லை, வெளியூர் போக வேண்டும். வயதானவரின் உடல்நிலையைக் கணக்கில் எடுத்து ரயிலோ விமானமோ, தங்குமிடமோ முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் எளியவை: பிள்ளைகள் எத்தனை பேர், மகன் எங்கே வேலை செய்கிறார், கல்யாணம் எப்போது நடந்தது. விசா கிடைத்ததும் 235 டாலர் குடியேற்றக் கட்டணம் கட்டினால் கார்டு அமெரிக்க முகவரிக்கு வந்து சேரும்.

சுற்றுலா விசாவில் போய் அங்கேயே இருந்து விண்ணப்பிப்பது இன்னொரு வழி. முறையாக நுழைந்த பெற்றோருக்குச் சட்டம் இதை அனுமதிக்கிறது. ஐ-485 படிவக் கட்டணம் 1,440 டாலர். ஆனால் தங்கிவிடும் எண்ணத்தை மறைத்து, பார்க்க வந்தேன் என்று சொல்லி நுழைந்ததாகத் தெரிந்தால் தவறான தகவல் தந்ததாகக் கொள்ளப்படும். அதன் விளைவு வாழ்நாள் தடை வரை போகலாம். முதியவரை அந்த ஆபத்தில் நிறுத்துவது நியாயமில்லை.

கார்டு கைக்கு வந்ததும் பெரிய செலவு மருத்துவம். 65 வயதைக் கடந்தவரானாலும், தொடர்ந்து 5 ஆண்டு நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்த பிறகே மாதச் சந்தா கட்டி மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர முடியும். அதுவரை தனியார் காப்பீடு தேவை. பயணமாக வந்துபோகும் பெற்றோருக்கான காப்பீடு குடியேறியவருக்குப் பொருந்தாது.

அதைவிட அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது வசிப்பு விதி. கிரீன் கார்டு வந்துபோவதற்கான வசதிச் சீட்டு அல்ல, அங்கே வாழ்வதற்கான உரிமை. 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியுரிமைக்கான கணக்கில் பாதிப்பு வரும். ஓராண்டுக்கு மேல் ஊரிலேயே தங்கிவிட்டால் கார்டை வைத்து உள்ளே நுழைய முடியாது. முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி வாங்கினால் பொதுவாக 2 ஆண்டு வரை தாங்கும், ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் அமெரிக்காவில் இருக்க வேண்டும். பிரம்மோற்சவத்துக்கு வந்து, பொங்கல் வரை இருந்து, பேத்தி கல்யாணம் முடிந்து போகலாம் என்று நினைக்கும் அப்பாக்களுக்கு இந்த விதி நெருக்கடி தரும்.

ஊரில் விட்டுப்போவதற்கும் கணக்கு உண்டு. சொந்த நிலத்தை வைத்துக்கொள்ளத் தடையில்லை. வங்கிக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்வோருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஓய்வூதியம் தொடர, ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று தர வேண்டும். உலகின் எந்த மூலையில் வரும் வருமானமும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்டப்பட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒருநாளாவது 10,000 டாலர் தாண்டினால் தனி அறிக்கை உண்டு. சித்தூர் வங்கியில் 10 லட்ச ரூபாய் டெபாசிட் இருந்தாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும்.

வேறு நாடுகளில் கதவு குறுகலானது. கனடாவில் நிரந்தரக் குடியிருப்புக்கான பெற்றோர் திட்டம் குலுக்கலைச் சார்ந்தே நடந்துவந்தது. அங்கே சூப்பர் விசா ஒருமுறை நுழைந்தால் 5 ஆண்டு வரை தங்க விடுகிறது. குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆஸ்திரேலியாவின் சாதாரணப் பெற்றோர் விசாவுக்கு இன்று மனு போட்டால் 30 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். முதியவருக்கு அது இல்லாத விசாதான்.

மனு போடும் முன் முதியவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: ஆண்டின் பெரும்பகுதியை அங்கே கழிக்க மனம் இருக்கிறதா? இல்லையென்றால் சுற்றுலா விசாவே அவருக்கு ஏற்றது, அதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. ஐ-130 நிலுவையில் இருக்கும்போது சுற்றுலா விசா கேட்டால் மறுக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். போய்ப் பார்த்துப் பிடிக்காமல் ஊர் திரும்புவோருக்கு ஐ-407 என்ற படிவம் இருக்கிறது. அதில் கையெழுத்திட்டுக் கார்டை ஒப்படைத்துவிட்டால் குடியிருப்பு முறையாக முடிவுக்கு வரும். அப்படி ஒப்படைத்தவர் பேரக்குழந்தைகளைப் பார்க்க மீண்டும் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.