விற்ற பொருள் திரும்பி வந்தால்...

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் ஆரம்பமானது. ஆனாலும் புதிய வாகனத்தின் விலை எம்போன்ற சிறு வியாபாரிகளுக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. ஆகவே "ஒரு வருஷம்தான் ஓடியது, புதுசு மாதிரி" என்று சொல்லப்படும் வாகனங்களைத் தேடித்தான் எம்மில் பலர் கார் சேல்களில் ஏறி இறங்குகிறோம். 2018 ஆம் ஆண்டு அப்படி ஒரு காரை வாங்கி, பதினாறாம் நாள் திருப்பிக் கொடுத்தவன் நான். அந்த அனுபவம் வாங்குபவருக்கு மட்டுமன்றி விற்பவருக்கும் பயன்படும் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

எனக்குப் பன்விலையில் பலசரக்குக் கடை. பருவ காலத்தில் மிளகு, கராம்பு, ஏலமும் வாங்கி விற்பேன். அந்த வருடம் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மச்சானையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனேன். ஒரு கார் சேலில் நின்ற ஜப்பான் கார் மனதுக்குப் பிடித்தது. ஒன்றரை வருடம் ஓடியது. மீட்டரில் 19,240 கிலோமீட்டர். ஒரு கீறல் கூட இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாதையில் ஓட்டிப் பார்த்தோம், வெண்ணெய் மாதிரி ஓடியது. முழுப் பணத்தையும் கட்டி எடுத்து வந்தேன்.

ஆறாம் நாள் உம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மடுல்கலைக்குப் புறப்பட்டேன். அந்த ஏற்றத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாதி வழியில் முன்பக்கம் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி இழுக்க மறுத்தது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் மீண்டும் அதே கதை.

கார் சேல் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். "என்ன நானா, மலைப் பாதைதானே. ஏத்தத்துல எல்லா ஒட்டோ கியரும் இப்பிடித்தான். பழகிடும்" என்றார். நல்ல மனுசர், மரியாதையாகத்தான் பேசினார். நானும் பாதி நம்பிவிட்டேன்.

என்னைக் காப்பாற்றியது அக்குறணையில் வாசனைத் திரவிய வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர். எங்களூர் பாஸ் ஒருவர் கியர்பொக்ஸைக் கழற்றிப் பார்க்க ஆயத்தமாக இருக்கிறார் என்று அவரிடம் சொன்னதும் பதறிப் போனார். "ஒருத்தரையும் கை வைக்க விடாதீங்க தம்பி. தொறந்தா அது ஒங்கட சாமான். நீங்கதான் பழுதாக்கினீங்க என்டு சொல்லிடுவாங்க. மொதல்ல எழுத்தில குடுங்க" என்றார்.

மறுநாள் காலையிலேயே கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜில் கம்பியூட்டர் ஸ்கேன் செய்தேன். கியர்பொக்ஸ் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பதற்கான குறியீடு பதிவாகியிருந்தது. இன்னுமொரு விடயத்தையும் அந்த இளைஞர் காட்டினார். வண்டியின் கம்பியூட்டரில் உள்ள பழைய பழுதுப் பதிவுகள் அழிக்கப்பட்ட பின்னர் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் அந்தக் கருவியில் பார்க்கலாமாம். அது 263 என்று காட்டியது. நான் வாங்கிய பிறகு ஓடியதோ 246 மட்டுமே. அதாவது, வண்டி என் கைக்கு வருவதற்கு 17 கிலோமீட்டர் முன்னர் யாரோ பதிவுகளை அழித்திருக்கிறார்கள்.

இதை வைத்து முதலாளியைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. பற்றரியைக் கழற்றி மாட்டினாலும் பதிவுகள் அழிந்துபோகும். அவரும் பின்னர் அதைத்தான் சொன்னார். ஆனால் வாங்க முன்னர் நானே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால், 'ஏன் இந்த எண் இவ்வளவு குறைவாக இருக்கிறது?' என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

எமது நாட்டில் பொருள் வாங்கல் விற்றலுக்கு அடிப்படையாக இருப்பது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். 1893 இல் இங்கிலாந்தில் வந்த சட்டத்தைப் பின்பற்றியது. ஒரு பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கும்போது, அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. ஆனால் இதில் மூன்று ஓட்டைகள் உண்டு. ஒன்று, வாங்குபவர் பரிசோதித்துப் பார்த்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அது பொருந்தாது. இரண்டு, "உள்ளபடியே வாங்கிக்கொண்டேன்" என்பது போன்ற வாசகத்துக்குக் கையெழுத்திட்டால் உரிமை பறிபோகலாம். மூன்று, நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்திருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்.

நியாயமான காலம் என்றால் எத்தனை நாள்? 1987 இல் இங்கிலாந்தில் பேர்ன்ஸ்டைன் என்பவரின் வழக்கு இதற்கு நல்ல பாடம். அவர் வாங்கிய புத்தம் புதிய நிசான் கார், மூன்று வாரத்தில் வெறும் 140 மைல் ஓடிய நிலையில் நெடுஞ்சாலையில் இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. தயாரிப்பின்போது உள்ளே விழுந்த ஒரு துளி பசை, ஒயில் ஓடும் வழியை அடைத்திருந்தது. கார் தரமற்றது என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் மூன்று வாரம் கடந்துவிட்டது, இனித் திருப்பிக் கொடுக்க முடியாது, நட்டஈடு மட்டுமே பெறலாம் என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு அங்கு பின்னாளில் கைவிடப்பட்டது. 2015 இல் வந்த பாவனையாளர் உரிமைச் சட்டம் 30 நாட்கள் என்று தெளிவாக வரையறுத்தது. எமது 1896 சட்டத்தில் நாள் கணக்கு இல்லை. எனவே எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு எமது பக்கம் பலமாகும்.

இந்தியாவிலிருந்து இரண்டு பாடங்கள். கிளட்ச் பழுதான ஒரு மாருதி காருக்குப் பதிலாக வேறு கார் கொடுக்கும்படி கீழ் மன்றங்கள் உத்தரவிட்டிருந்தன. 2006 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. உத்தரவாதப் பத்திரத்தில் பழுதான பாகத்தைத் திருத்தவோ மாற்றவோ மட்டுமே பொறுப்பு ஏற்கப்பட்டிருந்தது என்பதே காரணம். 2010 இல் வந்தது ஒரு ஃபியட் கார் வழக்கு. இயந்திரத்தையே மாற்றிக் கொடுத்த பின்னரும் வாங்கியவர் முறைப்பாட்டை விடவில்லை. சுயாதீனத் தொழில்நுட்ப நிபுணர் ஒருவர் பார்த்து, தயாரிப்பிலேயே குறை உண்டு என்று சொன்னால், பணத்தை வட்டியுடன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் பணித்தது. பத்திரத்தை வாசியுங்கள், சுயாதீன அறிக்கை எடுங்கள் என்பதே இவ்விரண்டின் சாரம்.

வழக்குக்குப் போகாமல் இன்னொரு வழியும் எமக்கு உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரணையின் பின்னர் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிட அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. துரித தொலைபேசி இலக்கம் 1977.

மலையே சாட்சி

ஸ்கேன் எடுத்த அன்றே காரை வீட்டில் நிறுத்தினேன். ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினேன். வாங்கிய திகதி, அன்றைய மீட்டர், பழுது தெரிந்த நாள், ஸ்கேன் அறிக்கையின் பிரதி, "இக்காரை நான் ஏற்கவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்ற ஒரு வரி. திட்டும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பி, மற்றொன்றை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

முதலில், வேறு கியர்பொக்ஸ் போட்டுத் தருவதாகச் சொன்னார். எங்கிருந்தோ வரும் இன்னொரு பழைய கியர்பொக்ஸ் எனக்கு வேண்டாம் என்றேன். இரண்டு தடவை பேசியும் முடிவில்லை. மூன்றாம் தடவை, "தம்பி, நீங்களே வந்து ஓட்டுங்க. மடுல்கலைக்கு ஏறிடுச்சின்டா நான் ஒன்டும் பேச மாட்டேன்" என்றேன். வந்தார். நான்கு பேர் ஏறினோம், ஏசியும் போட்டோம். அவர்தான் ஓட்டினார். நான் முதன்முதலில் நின்ற அதே வளைவுக்குச் சற்று முன்னால் விளக்கு எரிந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார், "நானா, நானும் இதக் கண்டிக்குள்ளதான் ஓட்டிப் பாத்து எடுத்த. மலையில ஏத்திப் பாக்கல்ல."

பணம் வந்தது. நான் ஓடிய ஏறக்குறைய 340 கிலோமீட்டருக்காக ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொண்டார். மச்சானுக்கு அதில் கோபம். எனக்கு இல்லை. மடியில் பாலைத் தேக்கி வைத்து விற்கப்பட்ட ஆட்டை வாங்கியவர், விரும்பினால் அதைத் திருப்பிக் கொடுக்கலாம், கறந்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற நபிவழித் தீர்ப்பை நாம் ஓதியிருக்கிறோம். வாங்கியவரின் உரிமையும் விற்றவரின் உரிமையும் அதில் ஒருசேரப் பேணப்படுகின்றன. இங்கிலாந்தின் 2015 சட்டமும், திருத்திக் கொடுத்தும் பழுது தீராத பொருள் திரும்பி வரும்போது, முதல் ஆறு மாதத்துக்குள் பாவித்ததற்காகப் பணம் கழிக்க இடமளிப்பது மோட்டார் வாகனத்துக்கு மட்டும்தான்.

முதலாளியும் பெரிதாக நட்டப்படவில்லை. பதினாறே நாளில் வண்டி திரும்பியதால், தனக்கு விற்றவரிடம் அவரும் உடனே பேச முடிந்தது. ஆறு மாதம் என்னை இழுத்தடித்திருந்தால் அந்தக் கதவும் மூடியிருக்கும்.

வாங்குபவர் கவனத்துக்கு:

1. வாங்க முன்னர் சுயாதீன ஸ்கேன் அறிக்கை எடுங்கள். நீங்கள் வழமையாக ஓடும் பாதையில், வழமையான பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள்.
2. விற்பவர் வாயால் சொல்வதைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கேளுங்கள். கையெழுத்திட முன்னர் சிறிய எழுத்தையும் வாசியுங்கள்.
3. பழுது தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். வேறு யாரையும் கழற்ற விடாதீர்கள்.
4. தொலைபேசியோடு நிற்காமல் அன்றோ மறுநாளோ எழுத்தில் அறிவியுங்கள்.
5. லீசிங்கில் எடுத்திருந்தால் அந்தக் கம்பனிக்கும் உடனே அறிவியுங்கள். வண்டி பழுது என்று தவணையைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

எனது கடையில் இருந்த பலகை

பணத்தோடு கடைக்கு வந்து கல்லாப்பெட்டிக்கு முன் அமர்ந்தபோதுதான் தலைக்கு மேல் தொங்கிய பலகை கண்ணில் பட்டது. "விற்ற பொருட்கள் எக்காரணம் கொண்டும் திருப்பி எடுக்கப்படமாட்டாது." நானே எழுதுவித்து மாட்டியது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், ஹுலுகங்கையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் செத்தல் மிளகாய்ப் பை ஒன்றைத் திருப்பிக் கொண்டு வந்தார். மேலே நல்ல மிளகாய், நடுவில் பூஞ்சணம். வாங்கிய இரண்டாம் நாளே வந்திருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை, பலகையைக் காட்டினேன். அவரும் ஒன்றும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பையைக் கொழும்பிலிருந்து வந்தபடியே நானும் பிரிக்காமல்தான் விற்றேன், மலையில் ஏற்றிப் பார்க்காத கார் முதலாளியைப் போல. வித்தியாசம் என்னவென்றால், அவர் வந்து ஓட்டிப் பார்த்தார். நான் பைக்குள் கையைக் கூட விடவில்லை.

அன்றே பலகையைக் கழற்றினேன். இப்போது பற்றுச்சீட்டோடு ஏழு நாளைக்குள் வந்தால் மாற்றித் தருவேன், அல்லது பணம் தருவேன். திரும்பி வரும் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் பதிகிறேன். பொருள், திகதி, எந்த மொத்த வியாபாரியிடம் வாங்கியது, என்ன குறை. பயந்தது போல் யாரும் என்னை ஏமாற்ற வரிசையில் நிற்கவில்லை. எந்த மொத்த வியாபாரியின் சரக்கு அடிக்கடி திரும்புகிறது என்பதை அந்தக் கொப்பிதான் எனக்குக் காட்டித் தந்தது. அதைக் காட்டி நானும் அவர்களிடம் மாற்றிக் கேட்கிறேன்.

அந்த வாரமே ஹுலுகங்கைக்குப் போய் மிளகாய்ப் பையின் காசைக் கொடுத்தேன். மனுசர் எண்ணிப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டு தேநீர் தந்தார். நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால் அதற்குப் பிறகும் அவர் என் கடைக்குச் சாமான் வாங்க வரவில்லை. பதினாறு நாளில் எனக்குக் கிடைத்த நியாயத்தை அவருக்கு நான் மாதக் கணக்கில் தாமதித்துத்தான் கொடுத்தேன். பொருளைத் திருப்பிக் கொடுக்க மட்டுமல்ல, திருப்பி எடுக்கவும் ஒரு நியாயமான காலம் இருக்கிறது.