சஞ்சீவி மலையில் ஒரு ஞாயிறு

கீரனூரிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் நார்த்தாமலைக் குன்றுகள் கண்ணில் படும். மொட்டைப் பாறைகளாக நிற்கும் இக்குன்றுகளைப் பற்றி ஒரு கதை உண்டு. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது உதிர்ந்த துணுக்குகளே இவை என்பர். மூலிகைக் கதை ஒருபுறம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குடும்பம் கட்டுச்சோற்றுடன் இங்குள்ள மேலமலையில் ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நாள் முழுதும் கடையில் உட்கார்ந்திருக்கும் தந்தை, வீட்டு வேலையில் ஓய்வறியாத தாய், பள்ளியில் படிக்கும் மகள், அறுபதைக் கடந்த பாட்டி. இவர்கள் உடலில் அன்று நடப்பது என்ன? அங்கே ஏதேனும் மருந்து வேலை செய்கிறதா? பார்ப்போம்.

ஏறுவதற்கு ஆகும் செலவு

மலையேறுவது புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 50 மீட்டர் உயரம் ஏறினால் அவர் செய்யும் வேலை 60 × 9.8 × 50 = 29,400 ஜூல். இது சுமார் 7 கிலோகலோரிக்குச் சமம். ஆனால் நம் தசைகள் தாம் எரிக்கும் எரிபொருளில் ஏறத்தாழக் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன. ஆகவே உண்மையில் செலவாவது 28 கிலோகலோரி. மீதி 21 கிலோகலோரி வெப்பமாகி உடலைச் சூடாக்குகிறது.

அந்தச் சூட்டை வெளியேற்றவே வியர்க்கிறது. 1 லிட்டர் வியர்வை தோலின் மீது ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஆவியாகாமல் சொட்டிப்போகும் வியர்வையால் இந்தப் பயன் இல்லை. வெயில் ஏறிவிட்டாலோ பாறையும் சூடாகி நம்மைச் சுடும். எனவே விடிந்ததும் ஏறத் தொடங்கி, வெயில் உறைக்கும் முன் இறங்கிவிடுவதே நல்லது.

சமதரையில் ஒரு மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் இதே எடையுள்ளவருக்குச் சுமார் 200 கிலோகலோரி செலவாகும். நூறு கிராம் நிலக்கடலையில் இருப்பதோ சுமார் 560 கிலோகலோரி! அதாவது ஒரு கைப்பிடிக் கடலையைக் கொறித்தால் ஒரு மணி நேர நடை ஈடாகிவிடும். அப்படியானால் நடந்துதான் என்ன பயன்?

தசை திறக்கும் கதவு

பயன் வேறிடத்தில் இருக்கிறது. நாம் உண்ட சோறு குளூக்கோஸாகி இரத்தத்தில் சேர்கிறது. அதைத் தசைகளுக்குள் அனுப்பக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் கதவைத் தட்டியதும் தசைச் செல்லின் உள்ளே இருக்கும் கடத்திப் புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து குளூக்கோஸை உள்ளே வாங்குகின்றன. உட்கார்ந்தே வாழ்பவர்களுக்கு நாளடைவில் இந்தத் தட்டும் ஓசை கேளாமல் போகிறது. நீரிழிவுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவு உள்ளவர்கள்.

தசை சுருங்கி விரியும்போது இன்சுலினுக்குக் காத்திராமல் அதே கதவுகள் தாமே திறக்கின்றன! மேலும், தசையில் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்து வைத்த மாவுப்பொருள் ஏறும்போது கரைகிறது. காலியான குதிரை நிரம்பும் வரை தசை குளூக்கோஸை ஆவலுடன் வாங்கிக்கொள்ளும். இதனால் ஒரு முறை நன்றாக உழைத்த உடல் ஏறத்தாழ ஒன்று, இரண்டு நாட்கள் வரை இன்சுலினுக்கு நன்கு செவிசாய்க்கிறது.

வாரத்தில் ஒரு நாள் போதுமா?

1953-இல் லண்டன் மாநகரப் பேருந்துகளை வைத்து ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓட்டுநர்கள் உட்கார்ந்தே இருந்தனர். நடத்துநர்களோ மாடிப் பேருந்தின் படிகளில் நாள் முழுதும் ஏறி இறங்கினர். மாரடைப்பு நோய் நடத்துநர்களிடம் குறைவாகவே இருந்தது.

நம் கடைக்காரருக்கு அந்தப் படிகள் இல்லை. ஞாயிறு ஒன்றுதான் உண்டு. அவருக்கு ஆறுதலான செய்தி 2017-இல் வந்தது. பிரிட்டனில் 40 வயதைக் கடந்த சுமார் 64,000 பேரைக் கவனித்த ஆய்வு அது. உடற்பயிற்சியே செய்யாதவர்களுடன் ஒப்பிட்டபோது, வாரத்தில் ஒன்றிரண்டு நாட்களில் தேவையான அளவைச் செய்து முடித்தவர்களிடம் இறப்பு வாய்ப்பு சுமார் 30 விழுக்காடு குறைவு. வாரம் முழுதும் பரவலாகச் செய்தவர்களிடம் அது 35 விழுக்காடு குறைவு. வேறுபாடு அதிகமில்லை. ஆனால் 'தேவையான அளவு' என்பதை மறக்கலாகாது. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது. தசையின் நன்றியுணர்வோ இரண்டு நாளில் மங்கிவிடுகிறது. ஆகவே ஞாயிறு மலையேறுபவர், புதன் கிழமையும் வெள்ளிக் கிழமையும் அரைமணி நேரம் நடந்தால் இன்னும் நலம்.

பேச்சே அளவுகோல்

மிதமான பயிற்சி எது என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பேச்சும் மூச்சில் திணறினால் வேகம் அதிகம். பாட்டே வருமானால் வேகம் குறைவு. ஆகவே கூட்டமாக ஏறுபவர்களிடம் அளவுகோல் எப்போதும் கையில் இருக்கிறது. பாட்டியின் பேச்சு நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும்.

சேர்ந்து செய்வதால் வேறொரு பயனும் உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகள் 12 பேரைத் தனியாகவும் குழுவாகவும் துடுப்புப் போடச் செய்து பார்த்தனர். உழைப்பு ஒன்றே, எனினும் சேர்ந்து செய்தபோது அவர்களின் வலி தாங்கும் திறன் அதிகமாக உயர்ந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்பின் என்ற பொருளே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர் கருதினர். தனியே நடந்தால் சலிக்கும் தொலைவு, நான்கு பேராக நடந்தால் சலிக்காததன் காரணம் இதுவாக இருக்கலாம்.

பாறை நிழலில்

மேலமலைச் சரிவில் சுமார் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த விஜயாலய சோழீச்சரம் இருக்கிறது. சதுரமான சுவருக்குள் வட்டமான கருவறை அமைந்த கற்கோயில். அதைக் கண்டபின் நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். வியர்வையோடு போனது நீர் மட்டுமல்ல, உப்பும்தான். ஆகவே உப்புப் போட்ட நீர்மோர் மிகப் பொருத்தம். புளிச்சோற்றில் கிடக்கும் கடலை புரதம் தரும். ஆனால் கணக்கு நினைவிருக்கட்டும், ஒரு கைப்பிடி போதும். உண்டவுடன் படுக்காமல் மெல்ல நடந்தால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையின் வேகம் தணியும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே ஏற வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சர்க்கரை தாழ்ந்தால் உண்ணச் சிறிது வெல்லமோ மிட்டாயோ மடியில் வைத்திருக்க வேண்டும். இலையையும் தாளையும் மலையில் விடாமல் எடுத்து வரவும்.

மறுநாள் காலை தந்தை மீண்டும் கடையில் அமர்வார். தொடைகள் சற்று வலிக்கும். அவர் அறியாமலேயே அத்தசைகள் அவருடைய இட்டிலியின் சர்க்கரையை அமைதியாக உள்ளே வாங்கிக்கொண்டிருக்கும். சஞ்சீவி இப்படித்தான் வேலை செய்கிறது.