ஆம்பூரைத் தேட நான்கு மாவட்டங்கள்

பாலாற்றங்கரைக் கல்லூரி ஒன்றில் ‘டேனரிக் கழிவுநீரும் நிலத்தடி நீரும்’ என்று அசைன்மென்ட் கொடுத்தால், மாணவி முதலில் கைபேசியைத்தான் எடுப்பார். ‘திருப்பத்தூர் மாவட்டம்’ என்று தட்டுவார். அங்கேயே சிக்கல் தொடங்கிவிடும்.

வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, தோல் ஆலை ஊர்களான ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது 2019இல். 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆம்பூர் வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. தோல் ஆலைகள் பற்றிய 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வருவது வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1989க்கு முந்தைய ஆவணங்களில் வெறும் வடாற்காடு. போதாததற்குச் சிவகங்கைப் பக்கத்திலும் ஒரு திருப்பத்தூர் உண்டு. ஒரே ஊரின் கிணற்றுத் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள நான்கு பெயர்களில் தேட வேண்டும். இது வேதியியல் பேராசிரியரைவிட நூலகருக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி.

தேடிக் கிடைத்ததை எடைபோடுவது அடுத்த வேலை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் அந்த 1996 தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றைச் சுட்டுகிறது. தேதி பார்க்காமல் அதை எடுத்து எழுதினால், 30 ஆண்டுப் பழைய கணக்கு இன்றைய நிலவரமாகிவிடும். ‘குரோமியம்’ என்று மட்டும் தேடினாலும் இதே கதிதான். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோய் அச்சம் ஆறு இணைதிறன் கொண்டதைப் பற்றியது. இரண்டையும் பிரித்துக் காட்டப் பேராசிரியர் வேண்டும்.

அதனால்தான் நூலகரும் பேராசிரியரும் சேர்ந்து பாடத்தை அமைக்க வேண்டியிருக்கிறது. முதலாண்டின் தொடக்கத்தில் லைப்ரரியைச் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவது பயிற்சி ஆகாது. எந்தச் சொற்களில் தேடினேன், எந்த ஆதாரத்தை ஏன் ஒதுக்கினேன் என்று கட்டுரையோடு மாணவர் ஒரு பக்கம் எழுதித் தரட்டும். அந்தப் பக்கத்தை நூலகரும் படித்து மதிப்பெண் போடட்டும். தேடலுக்கும் மதிப்பெண் உண்டு என்றால்தான் மாணவர் அதைப் பாடமாக எடுத்துக்கொள்வார்.

இப்படித் தேடி எடைபோடும் திறனுக்குத் ‘தகவல் அறிதிறன்’ என்று 1974இல் பெயர் வைத்தவர் அமெரிக்கரான பால் சுர்கோவ்ஸ்கி. வேலூருக்கு அது அந்நியமான சிந்தனை அல்ல. ஒரு மருந்து பலன் தருமா என்பதை உலகெங்கும் நடந்த ஆய்வுகளை முறையாகத் திரட்டி எடைபோட்டுச் சொல்லும் காக்ரேன் அமைப்பின் தெற்காசியப் பணி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) மையமாகக் கொண்டே வளர்ந்தது. மருத்துவர் பிரதாப் தரியன் அதற்குத் தலைமை ஏற்றார். 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பணம் கட்டி, அந்த ஆய்வுகளின் இணையத் தொகுப்பான காக்ரேன் நூலகத்தை நாட்டு மக்கள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மருத்துவத்தில் வேரூன்றிய இந்தப் பழக்கம் பக்கத்து ஊர்களின் பி.எஸ்சி., பி.காம். வகுப்புகளுக்கும் வந்தாக வேண்டும்.

கதவுகள் ஏற்கெனவே திறந்துதான் இருக்கின்றன. கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டம் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா தளத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்காக 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் தாயின் மகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், இவற்றின் பெயரையே கேள்விப்படாமல் பட்டம் வாங்கிப் போவது பெரிய அநியாயம்.

எல்லா இளநிலைப் பட்டப் பிரிவுகளுக்கும் கட்டாயமான சுற்றுச்சூழல் பாடத்திலிருந்து இந்தத் தேடல் பயிற்சியைத் தொடங்கலாம். வேலூர் டேனரி மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் தீர்ப்பளித்திருக்கிறது. 1996 தீர்ப்பையும் இதையும் அருகருகே வைத்து, இடைப்பட்ட காலத்தில் எது மாறியது, எது மாறவில்லை என்று ஆதாரத்தோடு எழுதச் சொல்வதே நல்ல முதல் அசைன்மென்ட்.