குஞ்சலத்தின் வேலை

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் பெண் வீட்டுக் கூடத்தில் ஒரு காரியம் நடக்கும். வீடியோக்காரர் அதைப் படம் எடுப்பதில்லை. ஜடைநாகத்தைக் கழற்றி, வாடிய மல்லிகையை உதிர்த்து, தலையெங்கும் செருகிய ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிய பிறகு, சொந்த முடியோடு சேர்த்துப் பின்னிய சவுரி கையோடு வரும். முந்தின நாள் முழங்கால் வரை வழவழவென்று தொங்கிய முடி, பின்கழுத்துப் பக்கம் தேங்காய் நாராகத் திரண்டிருக்கும். யாராவது ஒருவர் சீப்பை எடுத்து உச்சியிலிருந்து அடி வரை ஒரே இழுப்பாக இழுப்பார். சிக்கு கீழே தள்ளப்பட்டு, கெட்டிப்பட்டு, கடைசியில் கத்தரிக்கோல் வந்துதான் தீர்ப்புச் சொல்லும்.

காஞ்சிபுரத்தில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அந்தப் பெண் முகூர்த்தத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையில், முடியைவிட மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றை இதே ஊரின் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் சிக்கில்லாமல் தறியேற்றிவிடுகிறார்கள். விடியற்காலையில் சேலையின் நீளவாட்டு இழைகளான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, குறுக்கே குச்சிகளை நுழைத்து, ஓர் இழை மேலே அடுத்த இழை கீழே என்று பிரித்து வைப்பார்கள். அந்த ஒழுங்கு இருக்கும்வரை எத்தனை ஆயிரம் இழை இருந்தாலும் எந்த இழைக்குப் பக்கத்தில் எந்த இழை என்பது மாறாது. குச்சியை உருவிவிட்டால் போச்சு.

அதற்கும் முன்னால் இன்னொரு நெசவாளி இந்த வித்தையைச் செய்து முடித்திருக்கிறது. பட்டுப்புழு தன் தலையை எட்டு என்ற எண்ணின் வடிவில் ஆட்டி ஆட்டி, மூன்று நாள் போலக் கூட்டைக் கட்டுகிறது. நல்ல ரகக் கூடு ஒன்றில் இருக்கும் அறுபடாத ஒற்றை இழை ஆயிரம் மீட்டரைத் தொடும். அத்தனையும் ஒரு நிலக்கடலை அளவு கூட்டுக்குள். அதை வெந்நீரில் போட்டு நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் சிக்கே இல்லாமல் வந்துகொண்டே இருக்கிறது. காரணம், செரிசின் என்ற பசை. புழு இழையை வைக்கிற இடத்திலேயே ஒட்டிவிட்டுப் போகிறது. ஓர் அடுக்கின் மேல் அடுத்த அடுக்கு, வைத்த வரிசை கலையாமல். இழை நகர முடியாது. நகர முடியாத இழை சிக்காது. காஞ்சிபுரத்தில் சாயம் ஏற்றுவதற்கு முன் நூலைச் சோப்பு நீரில் வேகவைத்து இந்தப் பசையைப் போக்குகிறார்கள். எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கரைந்து போகும். பளபளப்பு வரும். கூடவே சிக்கும் அபாயமும் வரும். அன்றிலிருந்து புழுவின் பசை செய்த வேலையைக் குச்சியும் கஞ்சியும் மனிதக் கையும் செய்தாக வேண்டும்.

நகர விட்டால் என்ன ஆகும் என்பதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் 2007இல் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டுச் சுழற்றினார்கள், 3,415 தடவை. சில விநாடிகளிலேயே முடிச்சுகள் விழுந்தன. 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த கயிற்றில் மட்டும் முடிச்சே விழவில்லை. விழுந்த முடிச்சுகளுக்கு அவர்கள் சொன்ன விளக்கம், தலைவாரிவிடும் எந்த அம்மாவுக்கும் உடனே புரியும். சுருண்டு கிடக்கும் கயிற்றின் நுனி, பக்கத்து வளையங்களுக்கு மேலும் கீழுமாக நுழைந்து நுழைந்து தானாகவே பின்னல் போட்டுக்கொள்கிறது. ஆக, சிக்கு விழ மூன்று வேண்டும்: நீளம், அசைவு, கட்டில்லாத நுனி. மூன்றும் சவுரியில் தாராளம்.

முடிக்கு உரிய நாலாவது காரணமும் ஒன்று இருக்கிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். உதிர்ந்த முடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, முடியின் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னும் தேயுங்கள். முடி ஒரே பக்கமாக நகர்ந்துபோகும், எப்போதும் வேர்ப்பக்கம் முன்னால் போகும்படி. முடியின் மேல் ஓட்டு வீட்டுக் கூரை போலச் செதில்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் விளிம்புகள் எல்லாம் நுனியைப் பார்த்திருக்கும். வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும். எதிர்த்துத் தடவினால் பிடிக்கும். பட்டு இழையில் இந்தச் செதில் கிடையாது.

தலையில் வளரும் முடியில் எல்லா வேரும் ஒரு பக்கம், எல்லா நுனியும் ஒரு பக்கம். செதில்கள் ஒரே திசையில் இருப்பதால் ஒன்றோடொன்று சண்டையில்லை. திருத்தணியிலோ பழனியிலோ திருப்பதியிலோ நேர்ந்துகொண்டு இறக்கும் முடியைக் கட்டாகக் கட்டி எடுத்தால் இந்தத் திசை காப்பாற்றப்படும். அதனால்தான் சந்தையில் அதற்கு அத்தனை மதிப்பு. மற்றொரு வகை, சீப்பில் வரும் சிக்குமுடி. தெருவில் பாத்திரக்காரர் வாங்கிப்போகும் அந்தப் பந்துகளைப் பிரித்து, நீளவாரியாகச் சேர்த்து, நிமிர்த்திய ஊசிப் பலகையில் சீவி மறுபடி முடியாக்குகிறார்கள். மானுடவியலாளர் எம்மா டார்லோ இந்த உழைப்பைத் தேடித் தென்னிந்தியாவிலும் மியான்மரிலும் அலைந்து 2016இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அந்த முடியில் வேரும் நுனியும் கலந்துவிட்டன. அசையும்போது பாதி முடி மேலே ஏறும், பாதி கீழே இறங்கும். ஒவ்வோர் அசைவும் முடிச்சை இறுக்கும். கம்பளித் துணியைச் சோப்புப் போட்டுக் கசக்கினால் சுருங்கித் தடித்துப்போவது இதே வழியில்தான். இதைத் தடுக்க, ஆலைகளில் அமிலத்தில் போட்டுச் செதிலைக் கரைத்து, மேலே சிலிகான் பூச்சு ஏற்றுகிறார்கள். வாங்கும்போது பட்டாக இருந்த சவுரி நாலைந்து அலசலுக்குப் பின் நாராவது பூச்சு போவதால்தான். கடைக்காரரின் சத்தியத்தை நம்பாமல், மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்து பாருங்கள். சவுரியிலிருந்து பத்து முடியை உருவி, மேல்முனை எது என்று குறித்துக்கொண்டு தேயுங்கள். சில முடி மேலேயும் சில கீழேயும் போனால் கலப்பு முடி. எந்தப் பக்கமும் நகராவிட்டால் செதில் போன முடி.

நல்ல சவுரிக்கும் ஒரு குறை உண்டு. அது அனாதை முடி. மண்டைத் தோல் சுரக்கும் எண்ணெய் அதற்குக் கிடைப்பதில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்றால், 80 சென்டிமீட்டர் சவுரியின் நுனிக்கு, வெட்டும்போதே ஆறேழு வயது. அத்தனை வருட வெயிலாலும் சீப்பாலும் செதில் தேய்ந்த நுனி அது. எண்ணெய் கொஞ்சம் தடவிச் சீவச் சொன்ன பாட்டிகள், இல்லாத சுரப்பை ஈடுசெய்தார்கள். கண்டிஷனர் செய்வதும் அதையே: தேய்ந்த முடியில் எதிர்மின்னூட்டம் கூடும், கண்டிஷனரில் உள்ள நேர்மின்னூட்ட மூலக்கூறுகள் அதில் போய் ஒட்டிக்கொண்டு வழுக்கலைத் தரும்.

ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் கறுப்பினப் பெண்கள் வைத்துக்கொள்ளும் குரோஷே கூந்தலும் இதே பாடத்தைத்தான் படிக்கிறது. சொந்த முடியை மண்டையோடு ஒட்டி வரிசை வரிசையாகப் பின்னி, கொக்கி ஊசியால் செயற்கை இழைக் கொத்துகளை அதில் மாட்டுகிறார்கள். பெரும்பாலும் அது அக்ரிலிக் சார்ந்த இழை. செதில் கிடையாது, ஆனால் உலர்ந்த காற்றில் மின்னூட்டம் ஏறும், சட்டைக் கழுத்தில் உரசி நுனி பிசிறும். சிக்கு முதலில் விழுவது பின்கழுத்தில். கூடவே உள்ளே இன்னொன்று நடக்கிறது. நமக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பின்னலுக்குள் உதிர்ந்த முடி வெளியே போக வழியில்லை. ஒரு மாதத்தில் ஆயிரத்தைந்நூறாவது அங்கேயே தங்கும். அதைப் பிரித்தெடுக்காமல் தலையில் தண்ணீர் ஊற்றினால் கம்பளி கதைதான். பிரித்துச் சிக்கெடுத்த பிறகே அலச வேண்டும். இரவில் அவர்கள் தலையைப் பட்டுத் துணியால் சுற்றிக்கொண்டு படுக்கிறார்கள். பருத்தி இழை முறுக்கிய நாடா போன்றது, முடியைப் பற்றும், பட்டு விட்டுவிடும். இழைவிட்டுப்போன பழைய காஞ்சிப் பட்டு பீரோவில் மடித்துக் கிடந்தால், ஜரிகை இல்லாத உடல் பகுதியில் ஒரு தலையணை உறை தைத்துக்கொள்ளலாம்.

சரி, விழுந்த சிக்கை எப்படி எடுப்பது? சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனும் இரண்டு ஆய்வாளர்களும் 2022இல் இதற்குக் கணிதம் எழுதினார்கள். ஒன்றையொன்று சுற்றிய இரண்டு இழைகளுக்கு நடுவே ஒற்றைச் சீப்புப் பல் இறங்குவதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி. சுற்று அழிவதில்லை, அது வெளியேற வேண்டும். வெளியேறும் வாசல் கட்டில்லாத நுனி மட்டும்தான். மேலிருந்து இழுத்தால் எல்லாச் சுற்றும் அந்த வாசலில் ஒரே நேரத்தில் முட்டிக்கொள்ளும். ஆகவே நுனியில் தொடங்கிச் சின்னச் சின்ன இழுப்பாக, வந்த சுற்றை வெளியேற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். சிக்கெடுக்கும் சிணுக்கோலியைப் பிடித்த கைகள் எத்தனையோ தலைமுறையாகச் செய்துவந்தது சமன்பாட்டிலும் அப்படியே வந்து நிற்கிறது. எனக்கு இது பெரிய சந்தோஷம்.

சிக்கு நுழைவதும் வெளியேறுவதும் ஒரே வாசல் வழியாக என்றால், அணிந்திருக்கும்போது அந்த வாசலை அடைத்துவைப்பதுதானே சரி? சடை நுனியில் கட்டும் குஞ்சலம் அதைத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன். அழகுக்கு என்று நாம் ஒதுக்கிவைத்த அந்த மூன்று பட்டுக் குமிழ், நூற்றுக்கணக்கான நுனிகளை ஒன்றாகக் கட்டி, கனத்தால் சடையை நேராக இழுத்துப் பிடித்திருக்கிறது. முகூர்த்தப் பட்டுச் சேலையின் முந்தானையைப் புரட்டிப் பாருங்கள். தறியிலிருந்து அறுத்த பாவு இழைகளின் நுனியைக் கொத்துக் கொத்தாக முடிந்திருப்பார்கள். அதற்குப் பெயர் குஞ்சம். அங்கும் அதே வேலை.

மறுநாள் காலைக்கு வருவோம். சவுரியின் மேல்கட்டை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தண்ணீர் வேண்டாம், உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும். செயற்கைச் சவுரி என்றால் எண்ணெய்க்குப் பதில் தண்ணீரில் கரைத்த கண்டிஷனர், சூடு மட்டும் காட்டக்கூடாது. குஞ்சலத்தை அவிழ்த்துவிட்டு, நுனிக்கு இரண்டு அங்குலம் மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்து, அகலப் பல் சீப்பால் அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் சீவுங்கள். சீப்பு தடையில்லாமல் இறங்கியபின் இடது கை இன்னும் இரண்டு அங்குலம் ஏறலாம். பின்கழுத்து உருண்டை வரும்போது சீப்பைக் கீழே வைத்துவிட்டு விரலால் பக்கவாட்டில் பிரியுங்கள். அரை மணி நேரம் ஆகும். முடிந்ததும் தளர்வாகப் பின்னி, நுனியில் குஞ்சலத்தைக் கட்டி, சேலைக்குப் பக்கத்திலேயே தொங்கவிடலாம்.